அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடாதேங்கோ

"அண்ணா, நாலாவது தரமா இன்ஸ்டோல் பண்ணிட்டன். எனக்கு இந்தத் துறை சரிவராது போல."

போன ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் வந்த மெசேஜ் இது. அனுப்பினது நண்பன் ஒருவனின் தங்கச்சி. இங்கே ஜெர்மனியில் ஐ.ரி. தொழிற்பயிற்சி, அதுதான் அவுஸ்பில்டுங், முதலாம் வருஷம் செய்கிறாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒரு சின்ன புரொஜெக்ட் காட்ட வேண்டும். அதுக்கு அவளுடைய லப்டொப்பில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓட வேண்டும். மெசேஜோடு ஒரு படமும் வந்தது. போனால் எடுத்த ஸ்கிரீன், அதில் பாஸ்வேர்ட் பிழை என்று ஒரு வரி. எனக்கு எழுத முதல் வேறு இரண்டு பேரைக் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றே: "அன்இன்ஸ்டோல் பண்ணிப்போட்டுத் திரும்பப் போடு."

எங்கட எபிசோட்களில் நாங்கள் பெரிய பெரிய விஷயங்கள் கதைக்கிறோம். இந்த வாரம் இந்தச் சின்ன விஷயத்தை எழுதுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் இருக்கிறது. புதுசாப் படிக்கிற ஒரு ஆளுக்கு "திரும்ப இன்ஸ்டோல் பண்ணு" என்று சொல்வதைப்போல மோசமான அறிவுரை வேறு இல்லை. அது பிழையைத் திருத்துவதும் இல்லை, ஒன்றையும் படிப்பிப்பதும் இல்லை.

முதலில் அவளுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் போடும்போது "போஸ்ட்கிரெஸ்" என்ற பெயருள்ள தலைமை யூசருக்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். அவள் அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மறந்துபோனாள். சரி, அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் புது பாஸ்வேர்ட் வைக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அன்இன்ஸ்டோல் செய்தால் புரோகிராம்தான் போகும். டேட்டா போல்டர் அப்படியே இருக்கும். பிழையாக அல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒருவருடைய பத்து வருஷக் கணக்கு வழக்கு அந்த போல்டருக்குள் இருக்கலாம், ஒரு கிளிக்கில் அது போகக்கூடாது. பாஸ்வேர்டும் அந்த டேட்டாவுக்குள்தான் இருக்கிறது. திரும்ப இன்ஸ்டோல் செய்தால் பழைய போல்டரையே எடுத்துக்கொள்ளும். பழைய பாஸ்வேர்டும் கூடவே வந்து நிற்கும்.

இரண்டு தரம் இப்படிப் போனது. நாலாவது தரம் "வேற வேர்ஷன் போட்டுப் பாப்பம்" என்று 15ஐ வைத்துக்கொண்டே 16ஐயும் போட்டாள். இந்த முறை புது டேட்டா போல்டர், புது பாஸ்வேர்ட், கொப்பியில் எழுதியும் வைத்தாள். அப்படியிருந்தும் அதே எரர்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எந்த போர்ட்?"

"போர்ட் எண்டா என்ன அண்ணா?"

போஸ்ட்கிரெஸ் வழமையாக 5432 என்ற போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். அதில் ஏற்கெனவே ஒரு சேர்வர் இருந்தால், இரண்டாவதாகப் போடுகிற வேர்ஷனுக்கு இன்ஸ்டோலர் 5433ஐக் கொடுக்கும். அவளை விண்டோஸின் சேர்விசஸ் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அங்கே இரண்டு போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தன. கையில் இருந்தது புது வீட்டுத் திறப்பு, அவள் தட்டிக்கொண்டிருந்தது பழைய வீட்டுக் கதவு. 5432ஐ 5433 என்று மாற்றினாள், உடனே உள்ளே போனாள். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். அதுக்கு முதல் அவள் இழந்தது ஒரு முழு வார இறுதி. அதைவிட, "நான் இதுக்குச் சரிவரமாட்டன்" என்ற நினைப்பு வேறு வந்துவிட்டது.

படத்தில் இருந்த அந்த வரியை யாராவது நிதானமாக வாசித்திருந்தால் முதல் நாளே பாதி வேலை முடிந்திருக்கும். டேட்டாபேஸ் தருகிற எரர்கள் எல்லாம் ஒன்றல்ல. "கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது" என்றால் அந்த போர்ட்டில் யாரும் இல்லை. சேர்வர் ஓடவில்லை, அல்லது நீங்கள் வேறு போர்ட்டைத் தட்டுகிறீர்கள். "பாஸ்வேர்ட் பிழை" என்றால் அது ஒருவகையில் நல்ல செய்தி: சேர்வர் உயிரோடு இருக்கிறது, நீங்கள் சொன்னது கேட்டது, உங்களை நம்பவில்லை, அவ்வளவுதான். உங்கள் பெயரில் டேட்டாபேஸ் இல்லை என்று சொன்னால் நீங்கள் ஏற்கெனவே வாசலைத் தாண்டிவிட்டீர்கள். டேட்டாபேஸின் பெயரைச் சொல்லாவிட்டால் யூசரின் பெயரிலேயே ஒன்றைத் தேடும், அதுதான் காரணம். மக்கில் ஹோம்புரூவால் போட்டவர்களுக்கு "போஸ்ட்கிரெஸ்" என்ற யூசரே இல்லை என்று வரும். அங்கே உங்கள் மக் யூசர் பெயர்தான் தலைமை யூசர். இதில் எதுக்குமே அன்இன்ஸ்டோல் மருந்தல்ல.

இன்னொன்று. ஸ்கிரீனில் வருகிற வரி வேண்டுமென்றே சுருக்கமாக இருக்கும். அப்படி ஒரு யூசரே இல்லாவிட்டாலும் "பாஸ்வேர்ட் பிழை" என்றுதான் சொல்லும், கள்ளனுக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்பதற்காக. உண்மையான காரணம் டேட்டா போல்டருக்குள் இருக்கிற லொக் பைலில் எழுதியிருக்கும். எரர் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ வந்து, தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லையா? போஸ்ட்கிரெஸின் செட்டிங்கில் மெசேஜ் மொழியை மாற்றினால் ஆங்கிலத்தில் வரும், தேடுவதும் சுகம்.

இப்ப சிலர் சொல்வீர்கள்: "அண்ணா, இதெல்லாம் எதுக்கு? டொக்கர் போட்டா ரெண்டு நிமிஷ வேலை." நானும் வேலையில் டொக்கர்தான் பாவிக்கிறேன். ஆனால் டொக்கரிலும் நீங்கள் கொடுக்கிற பாஸ்வேர்ட், டேட்டா போல்டர் வெறுமையாக இருக்கும் முதல் தரம் மட்டும்தான் எடுபடும். பழைய வொல்யூம் இருந்தால் பிறகு எத்தனை தரம் மாற்றி எழுதினாலும் பழைய பாஸ்வேர்ட்தான். அதே பொறி, வேற பெட்டி. டேட்டா எங்கே இருக்கிறது, யார் எந்த போர்ட்டில் கேட்கிறார் என்று விளங்காதவரைக்கும் எந்தக் கருவியும் உங்களைக் காப்பாற்றாது.

வாசிக்காமல் கொப்பி பண்ணுவதில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்குக் கிடைக்கிற பிரபலமான வைத்தியம், அனுமதி பைலில் "டிரஸ்ட்" என்று மாற்றுவது. அப்படிச் செய்தால் பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடும். உள்ளே போய்ப் புது பாஸ்வேர்ட் வைத்துவிட்டு உடனே பழையபடி மாற்றினால் அது சரியான வழிதான். மாற்ற மறந்து, கூடவே "எல்லா முகவரியிலிருந்தும் விடு" என்ற வரியையும் கொப்பி பண்ணினால், கதவில்லாத வீடு. 2017 ஜனவரியில் பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மொங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, காசு தந்தால் திருப்பித் தருகிறோம் என்று குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள்.

அதே மாதக் கடைசியில், 2017 ஜனவரி 31 அன்று, கிட்லாப்பில் நடந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு போஸ்ட்கிரெஸ் சேர்வர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இரவு நேரம், களைத்துப்போன ஒரு இன்ஜினியர் இரண்டாவது சேர்வரின் டேட்டா போல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்று நினைத்தார். அழித்தது பிரதான சேர்வரில். ஒரு இரண்டு செக்கனில் நிறுத்தியும், ஏறக்குறைய 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. பேக்கப்பைப் பார்த்தால் அதுவும் இல்லை. வேர்ஷன் பொருந்தாமல் பேக்கப் கட்டளை பிழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, அதைச் சொல்கிற மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. யாரோ வேறு வேலைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

அவரை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அப்படி இரவுகள் இருந்திருக்கின்றன. நான் சொல்வது பழக்கத்தைப் பற்றி. "விளங்கேல்லை, அழிச்சுப்போட்டுத் தொடங்குவம்" என்பது பத்தொன்பது வயதில் லப்டொப்பில் பழகினால், முப்பது வயதில் வேலையிடத்துச் சேர்வரிலும் கை தானாக அங்கேதான் போகும்.

கிட்லாப் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். நடந்ததை மறைக்கவில்லை. திருத்துகிற வேலையை நேரடி ஒளிபரப்பாகவே காட்டினார்கள், எங்கே பிழைத்தது என்று முழுசாக எழுதியும் வைத்தார்கள். எங்கட ஆக்களிடம் இல்லாத பழக்கம் இது. "கொம்பியூட்டர் படிக்கிறாள்" என்று அம்மா அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். பிறகு போர்ட் என்றால் என்ன என்று கேட்க எப்படி வாய் வரும்? நாலு தரம் தனியே இருந்து அழித்துப் போட்டுவிட்டுத்தான், நாங்கள் துறைக்கே சரியில்லை என்ற முடிவோடு ஒரு அண்ணாவுக்கு எழுதுவோம்.

அண்ணாமார் அக்காமாருக்கும் ஒன்று. தங்கச்சியின் ஸ்கிரீனை ரிமோட்டில் எடுத்து, பேசாமல் நாலு கட்டளை அடித்து, "இப்ப ஓடுது" என்று வைக்காதேங்கோ. அது உதவி இல்லை. மவுஸை அவளிடமே விடுங்கோ. "எரரை உரத்து வாசி, உனக்கு என்ன விளங்குது?" என்று கேளுங்கோ. நேரம் கூட எடுக்கும், தெரியும். ஒரு தரம்தான் எடுக்கும்.

திரும்ப இன்ஸ்டோல் செய்வது எப்போதுமே பிழை என்று சொல்லமாட்டேன். பைல் உண்மையிலேயே பழுதாய்ப்போன நாட்களும் உண்டு. ஆனால் அது கடைசி வழி. அதுக்கு முதல் மூன்று கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: சேர்வர் ஓடுதா? எந்த போர்ட்டில்? லொக் பைலின் கடைசி வரி என்ன சொல்லுது?

செவ்வாய் பின்னேரம் தங்கச்சி எழுதினாள். புரொஜெக்ட் ஓடியதாம். பக்கத்து மேசைப் பெடியனுக்கு "கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது" என்று வந்ததாம். அவன் அன்இன்ஸ்டோல் செய்யப் போக, இவள் கையைப் பிடித்து நிறுத்தி, "எந்த போர்ட்?" என்று கேட்டிருக்கிறாள்.

உங்களுக்கும் ஏதாவது சிக்கியிருந்தால் எங்களுக்கு அனுப்புங்கோ. எரர் முழுசா வேணும், பாதி வெட்டின படம் வேண்டாம்.