குதிரைத்திறனைக் கேட்காதீர்கள், வேகத்தைக் கேளுங்கள்

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரத்தில், 1938இல் கட்டப்பட்ட பழைய ஈயக் கப்பல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தவை அத்தகைய கப்பல்கள் மட்டுமல்ல. திறந்த சுரங்கங்களில் மணலும் நீரும் கலந்த சேற்றைப் பம்புகள் உறிஞ்சி, 'பாலோங்' என்ற உயரமான சாய்தளத்தில் ஏற்றின. ஆகவே பம்பு நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால், பம்பு வாங்கும்போது நாம் கேட்கும் கேள்வி இன்னும் மாறவில்லை: "எத்தனை குதிரைத்திறன்?"

ஒரு வீட்டு நீச்சல் குளத்தின் பம்பு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பழையது மாதிரியே ஒன்று கொடுங்கள்" என்பதுதான் பெரும்பாலோர் சொல்வது. அது தவறான முடிவு என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்பைத்தான்.

காரணம் எளிய இயற்பியல். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டமும் பாதியாகும். ஆனால் அழுத்தம் கால் பங்காகிவிடும். திறன் என்பது நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் பெருக்கி வருவது. அரையைக் காலால் பெருக்குங்கள்: எட்டில் ஒரு பங்கு!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு வேகத்தில் 1,000 வாட் இழுக்கும் பம்பு, 3 மணி நேரத்தில் குளத்து நீர் முழுவதையும் ஒரு சுற்று வடிகட்டுகிறது. செலவு 3 யூனிட். பாதி வேகத்தில் அதே வேலைக்கு 6 மணி நேரம் ஆகும். ஆனால் 125 வாட் போதும், செலவு 0.75 யூனிட். ஒரு நாளைக்கு மிச்சம் 2.25 யூனிட், ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 820 யூனிட். உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதிலுள்ள விலையால் அதைப் பெருக்கிப் பாருங்கள். மோட்டாரிலும் மின்னணுப் பாகங்களிலும் இழப்பு உண்டு என்பதால் உண்மையான மிச்சம் இதைவிடச் சற்றுக் குறையும். அப்போதும் அது சிறு தொகையல்ல.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பலிக்குமா? பலிக்காது. குளத்து நீர் குழாயில் சுற்றி அதே மட்டத்துக்கே திரும்புகிறது; பம்பு வெல்ல வேண்டியது பெரும்பாலும் உராய்வை மட்டுமே. மேல்மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றுவது வேறு கதை. முழு வேகத்தில் அதிகபட்சம் 20 மீட்டர் ஏற்றும் பம்பு, பாதி வேகத்தில் 5 மீட்டருக்கு மேல் ஏற்றாது. பாலோங்குக்குச் சேற்றை ஏற்றிய சுரங்கப் பம்பையும் இப்படி மெதுவாக ஓட்டியிருக்க முடியாது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதாது. அது எங்கே செல்லும் என்பதும் தெரிய வேண்டும்.

இவ்வகைப் பம்பு விலை கூடுதல் என்பது நியாயமான எதிர்வாதம். எப்போதாவது மட்டும் நிரப்பும் குளத்துக்கு அது வீண்செலவுதான். ஆனால் நம் வெப்பத்தில், நீர் தேங்கினால் பாசி பிடிக்கும். ஆண்டு முழுவதும் தினமும் பம்பு ஓட வேண்டும். அத்தகைய குளத்துக்குக் கூடுதல் விலை வீணல்ல. அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் புதிய நீச்சல் குளப் பம்புகளுக்கு ஆற்றல் சிக்கன விதி நடப்பில் இருக்கிறது.

கடையில் கேட்க வேண்டியவை இவை: குழாயின் விட்டம் என்ன? வடிகட்டி தாங்கும் நீரோட்டம் எவ்வளவு? வடிகட்டியைக் கழுவும்போது வேகத்தைக் கூட்ட முடியுமா? நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றதா? பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

"எங்கள் வீட்டில் நீச்சல் குளமே இல்லையே" என்கிறீர்களா? மின்விசிறியும் காற்றைத் தள்ளும் பம்புதான். பெரிய கட்டடங்களின் குளிரூட்டிகளிலும் பம்புகளும் விசிறிகளும் ஓடுகின்றன. அடுத்த முறை வீட்டில் ஏதேனும் மோட்டார் வாங்கப் போகும்போது, அப்பாவோடு நீங்களும் கடைக்குப் போங்கள். குதிரைத்திறனை அவர் கேட்கட்டும். வேகத்தை நீங்கள் கேளுங்கள்.