குசினிப் புகைக்கூட்டைப் பார்த்தீர்களா?



2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நம்மில் பலர் மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பினோம். அடுப்பைப் பற்றவைத்த நாம், பல வருடங்களாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த புகைக்கூட்டை எட்டிப் பார்த்தோமா?

ஈர விறகு முழுமையாக எரிவதில்லை. அதன் சூட்டில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. எரியாத புகை மேலேறி, புகைக்கூட்டின் குளிர்ந்த உட்சுவரில் தார் போன்று படிகிறது. முதலில் தூளாக இருக்கும் இப்படிவு, நாளடைவில் பளபளக்கும் கறுப்பு ஓடாக இறுகிவிடும். அடுப்பின் சுவாலை ஒருநாள் அதைத் தொட்டால், புகைக்கூடே தீப்பற்றிக் கூரை மரங்களுக்கும் பரவும். புகைக்கூடு அடைபட்டாலோ, புகையோடு மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் வீட்டுக்குள் திரும்பும்.

எனவே, விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் சில மாதங்கள் உலர விடுங்கள். வெட்டு முனையில் வெடிப்பு விழுந்திருப்பது காய்ந்ததற்கு அடையாளம். நெருப்பை மந்தமாகப் புகைய விடாதீர்கள். வருடத்திற்கு ஒரு முறையேனும், அடுப்பு முற்றாக ஆறிய பின், புகைக்கூட்டைச் சுரண்டித் துப்புரவு செய்யுங்கள். படிவு 3 மில்லிமீற்றர் தடித்துவிட்டால் தவணைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரியவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இரவில் அடுப்பை அணைக்கும் நாம், அதற்கு மேலே தீப்பிடிக்கக்கூடிய படிவை வைத்துக்கொண்டு உறங்கலாமா? சிந்தியுங்கள்!