விடையை மறைத்து வைப்போம்

கதையைச் சொன்ன வேதாளமே விடையையும் கூறிவிடின் விக்கிரமாதித்தனுக்கு ஆங்கு என்ன வேலை? கேட்போனே புதிரை விடுவிக்கும் கதை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிசியைச் செய்யுளியலில் வைத்தார். யாமும் திண்ணைகளில் நொடி போட்டு வளர்ந்தோம்.

1982இல் அமெரிக்க நிறுவனமாகிய இன்போகொம் ‘டெட்லைன்’ என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. திரையிற் படமில்லை, எழுத்து மட்டுமே. ஆடுவோனே துப்பறிவாளன். கதையின் கணக்கில் 12 மணி நேரத்துள் ஒரு மரணத்தின் மருமத்தை அவன் கண்டறிதல் வேண்டும். பெட்டியினுள் வாக்குமூலங்களையும் ஆய்வுகூட அறிக்கையையும் வைத்தனர், விடையை வைத்திலர்!

நம் மாணவரோ வினாவை வாசிக்குமுன் விடைப்பக்கத்தைப் புரட்டுகின்றனர். (வழிகாட்டி நூல் எழுதும் நண்பர்கள் பொறுத்தருள்க.) அச்சிட்ட விடையில்லாத வினாவின்முன் வாயடைத்து நிற்கின்றனர். நல்லூர் வீதியையும் பருத்தித்துறைக் கடற்கரையையும் களமாக்கி இத்தகைய கதைகளைத் தமிழில் அவர்களே வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகையில் எழுதுக. விடையை ஒரு கிழமை யாம் அலுமாரியிற் பூட்டி வைக்கின்றோம்.