அரசாங்கம் என்றால் என்ன என்று சொல்லித்தர 6,800 ரூபாயா?

நீளமான பதிவு. முட்டி வலியோடு உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டியிருக்கிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் பெண் ஒருத்தி போன ஜூலையில் வீட்டுக்கு வந்தாள். அவள் பையனுக்கு 14 வயது. வலிப்பு வரும். வகுப்பில் இரண்டு முறை விழுந்த பிறகு, "வீட்டிலேயே வச்சுப் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பள்ளி என்று எழுத மாட்டேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிந்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்திலேயே அவனை உட்காரவைத்துப் படிக்க வைக்கிறாள்.

"டீச்சர், ஒரு ஏழாயிரம் கைமாத்தா கிடைக்குமா? சிவிக்ஸ் பாடத்துக்கு ஒரு கிட் வாங்கணுமாம். அது இல்லாம ஒண்ணுமே புரியாதாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹோம்ஸ்கூலிங் செய்யும் அம்மாக்களாம். அளவெடுக்கப் போன இடத்தில் காட்டியிருக்கிறார்கள்.

நானும் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி, காபி கொடுத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். வழவழ அட்டைகள், ஒரு பகடை, மரத்தில் ஒரு புதிர்ப் பலகை. துண்டுகளைச் சேர்த்தால் வெள்ளைக் குவிமாடம் வருகிறது. நம் நாடாளுமன்றம் என்று நினைத்தேன். இல்லை, வாஷிங்டனில் இருப்பது. அட்டைகளில் செனட் இருக்கிறது, ஒன்பது நீதிபதிகள் உட்காரும் அவர்கள் ஊர் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. ஊராட்சி இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, கலெக்டர்கூட இல்லை. அந்த வீட்டுக் குழந்தைக்குப் பதினொரு வயது. அமெரிக்க ஜனாதிபதிக்கு எத்தனை வருடப் பதவிக்காலம் என்று பட்டென்று சொன்னாள். தான் குடியிருக்கும் கட்டிடம் மாநகராட்சியிலா ஊராட்சியிலா என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார்.

ஊராட்சிதான். அந்த ஆறு மாடிக் கட்டிடம் நிற்பது ஒரு கிராம ஊராட்சியில். சொத்து வரி ரசீதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

"அரசுப் பாடப் புத்தகம் இருக்கே, ஏன் வேண்டாம்னு வெச்சீங்க?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மனப்பாடத்துக்குத்தானே டீச்சர்" என்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். 31 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அதைத்தானே செய்தேன்? ஆளுநரை நியமிப்பவர் யார், குடியரசுத் தலைவர். கோடிட்ட இடத்தை நிரப்புக. என் பிள்ளைகள் சரியாக நிரப்பிவிட்டு, தண்ணீர் வராத குழாயடிக்குக் குடத்தோடு போனார்கள். குழாய் ஏன் வரவில்லை, யாரைக் கேட்பது என்பதும் குடிமையியல்தான் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. பள்ளியிலிருந்து நூறடியில் ஊராட்சி அலுவலகம். ஒரு வகுப்பையாவது அங்கே கூட்டிப்போயிருக்கிறேனா? இல்லை. எனவே புத்தகத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். சொல்லிக்கொடுத்த விதத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்தத் தப்புக்கு மருந்து 6,800 ரூபாய்ப் பெட்டி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாப் பாடங்களிலும் செலவே இல்லாமல் சொல்லித்தரக்கூடிய பாடம் இது. ரசாயனத்துக்கு அமிலம் வேண்டும், பூகோளத்துக்கு உலக உருண்டை வேண்டும். அரசாங்கத்துக்கு என்ன வேண்டும்? நம் வரிப்பணத்தில் அது ஏற்கெனவே தெருவெல்லாம் நிற்கிறது. அதைப் பற்றிச் சொல்லும் பொருளும் அநேகமாக இலவசம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை சமூக அறிவியலில் குடிமையியல் இருக்கிறது, பதினொன்று பன்னிரண்டுக்கு அரசியல் அறிவியல் என்று தனிப் புத்தகமே தமிழில் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் அப்படியே. அரசமைப்புச் சட்டத்தின் தமிழ் வடிவத்தை ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பையனுக்குத் திறந்தநிலைப் பள்ளி தரும் புத்தகங்களோ அவன் கட்டிய கட்டணத்திலேயே சேர்த்தி. வீட்டில் ஒரு கட்டு பிரிக்காமலே இருந்தது! கிட் வாங்கக் கடன் கேட்கிறாள், கட்டைப் பிரிக்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விலை இல்லாதது மட்டமானது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்.

பணம் கொடுக்கவில்லை. "பையனை வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் அனுப்பு" என்றேன்.

முதல் நாள் ரேஷன் அட்டை, சொத்து வரி ரசீது, கரண்ட் பில், என் வாக்காளர் அட்டை. ஒவ்வொன்றிலும் யார் முத்திரை, யாருக்கு யார் மேலதிகாரி என்று ஒரு தாளில் கோடு போட்டு வரைந்தான். இரண்டு சாயங்காலம் பிடித்தது. கரண்ட் பில்லில் எங்கள் இருவருக்குமே தெரியாத நாலு விஷயம் இருந்தது.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கூட்டிப்போனேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை நம் மாநிலத்தில் கூடுகிறது. ஓட்டு உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள், ஆனால் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிற பையனை யாரும் விரட்டுவதில்லை. வரவு செலவு வாசித்தார்கள். தெருவிளக்குக் கணக்கு வந்தபோது ஒரு பாட்டி எழுந்து, "எங்க தெருவுல வெளக்கே இல்ல, கணக்கு மட்டும் எரியுது" என்றார். ஒரே சத்தம். கோரத்துக்கு ஆள் பற்றாமல் கையெழுத்து நோட்டை டீக்கடைக்கு எடுத்துப்போனதையும் பையன் பார்த்தான். "இது சரியா டீச்சர்?" என்று கேட்டான். சரியில்லை என்று சொன்னேன். கோரம் என்றால் என்ன என்று இனி அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அங்கெல்லாம் சண்டை நடக்கும், குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறதா?" என்று அடுக்குமாடி அம்மாக்கள் கேட்கிறார்கள். 73வது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது என்று பரீட்சையில் எழுதச் சொல்வீர்கள், அந்தத் திருத்தம் உங்கள் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும்போது பார்க்கக் கூடாதா? பள்ளிக்கூடம் வேண்டாம் என்றீர்கள், அது உங்கள் விருப்பம். பலருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. தண்ணீரை லாரியில் வாங்குகிறீர்கள், காவலுக்குத் தனி ஆள், குப்பைக்குத் தனி வண்டி. இப்போது அரசாங்கம் என்ற பாடத்தையும் தனியாரிடம், அதுவும் வேறு நாட்டு அரசாங்கமாக வாங்குகிறீர்கள். உங்களிடம் காசு இருக்கிறது, பெட்டி வீணானால் பரணில் போடுவீர்கள். நீங்கள் வாங்குவதைப் பார்த்து அதுதான் முறை என்று நம்பி, கம்மலைக் கழற்றப் போகிறவள் ஒருத்தி இருக்கிறாளே, அங்கேதான் எனக்குக் கோபம்.

விற்கிறவர்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பயத்தைக் காட்டி விற்பது அவர்கள் தொழில்.

ஒரு ஞாயிறு உத்திரமேரூர் போனோம். செலவு பஸ் டிக்கெட்டும் இரண்டு தோசையும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய தேர்தல் விதிகள். முப்பது குடும்பு, குடவோலை, வயது 35க்கு மேல் 70க்குள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் நிற்க முடியாது. பையன் இதைக் கேட்டதும் கிராம சபைத் தெருவிளக்கை நினைத்துக்கொண்டான், சிரித்தான். நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடம் இல்லை என்பதையும் சொன்னேன். பெருமை பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள். "அப்ப எங்க அம்மா ரெண்டு வகையிலயும் நிக்க முடியாது" என்றான். இப்போது உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினோம்.

தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இலவசம். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, வழக்கு எத்தனை. கணக்குப் பாடத்துக்கும் ஆகும்.

கடைசியாகத் தகவல் உரிமை மனு. 2005 சட்டம், கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். "வம்பு வரும் டீச்சர்" என்று அவன் அம்மா பயந்தாள். நியாயமான பயம்தான், அதனால் மனுவை என் பெயரில் போட்டேன். வார்த்தை அவனுடையது. எங்கள் வார்டில் எத்தனை தெருவிளக்கு, போன நிதியாண்டில் பராமரிப்புச் செலவு எவ்வளவு, இரண்டே கேள்வி. மூன்று முறை எழுதி அடித்து எழுதினான். 31 வருடத்தில் என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தமிழ்க் கட்டுரைக்கு இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். காலண்டரில் தினமும் ஒரு நாளை அடித்துக்கொண்டு வந்தான். முப்பதாம் நாளும் போனது, பதில் வரவில்லை. "அவ்ளோதானா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டான். இல்லை, மேல்முறையீடு இருக்கிறது, அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது என்றேன். நேற்று அதை எழுதி முடித்துத் தபாலில் சேர்த்தோம். சீட்டு அவன் நோட்டுக்குள் இருக்கிறது. இதுவரை மொத்தச் செலவு, ஜெராக்ஸ், தபால், உத்திரமேரூர் தோசை எல்லாம் சேர்த்து, 412 ரூபாய். அவனே கணக்கு எழுதி வைத்திருக்கிறான்.

நவம்பர் 1 கிராம சபைக்கு அந்தப் பதினொரு வயதுப் பெண்ணும் வருகிறாளாம். அவள் அம்மா நேற்று போன் செய்து, எத்தனை மணிக்கு, நாற்காலி இருக்குமா என்று கேட்டார். தரையில் உட்காரத் துண்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.