கடைசி மோடின் மேல் விழும் பழி

ஸ்கைரிம் விளையாட்டில் மோடு, அதாவது ஆர்வலர்கள் எழுதும் கூடுதல் கோப்புகள், சேர்த்து ஆடுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆட்டம் நடுவில் பட்டென்று மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நின்றால், கடைசியாக எந்த மோடைச் சேர்த்தோமோ அதுதான் காரணம். அதை நீக்கினால் சரியாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாகவே இது சொல்லித்தரப்படுகிறது. இந்த நம்பிக்கை பெரும்பாலான நேரங்களில் தவறானது. அதைவிடக் கேடு, அது சொல்லும் வைத்தியம். பல வாரம் ஆடிச் சேர்த்த சேவ் கோப்பு பாழாவதற்கு, கிராஷைவிட அந்த வைத்தியமே பல சமயம் காரணமாகிறது.

இப்படி ஒரு நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெதஸ்டா 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட முதல் ஸ்கைரிம் ஒரு 32 பிட் நிரல். கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் அப்படிப்பட்ட நிரலால் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. அதற்குள்ளும் ஒரு நெருக்கடி இருந்தது. ஆட்டம் தொடங்கும்போதே ஒதுக்கிக்கொள்ளும் நினைவகத்தின் முதல் பகுதி வெறும் 256 எம்பி. அது நிரம்பினால் ஆட்டம் லோடிங் திரையிலேயே உறைந்துபோகும், அல்லது மூடிக்கொள்ளும். 2014இல் ஆர்வலர் ஒருவர் எழுதிய திருத்தம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணைக்கருவியில் சேரும்வரை ஆடுகிறவர்கள் இந்த விளிம்பிலேயே நின்று ஆடினார்கள். அந்த நிலையில் நூறாவதாக ஒரு மோடு ஏறும்போது நினைவகம் வழியும். அதை இறக்கினால் கொஞ்சம் இடம் கிடைத்து ஆட்டம் ஓடும். வேறு எந்தப் பெரிய மோடை இறக்கியிருந்தாலும் அதே பலன்தான் கிடைத்திருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது கடைசியாக வந்தது மட்டுமே. 2016 அக்டோபர் 28 அன்று 64 பிட் நிரலாக ஸ்பெஷல் எடிஷன் வந்தபோது பழைய நினைவகச் சுவர் இடிந்துவிட்டது. நம்பிக்கை மட்டும் இடியவில்லை.

அந்த நம்பிக்கை பலிக்கும் இடம் ஒன்று உண்டு. ஆட்டம் முதன்மை மெனுவுக்கே வராமல் விழுந்தால், இப்போதுதான் சேர்த்ததைச் சந்தேகிப்பது நியாயம். ஒரு பிளகின் (மோடின் தரவுக் கோப்பு) தனக்கு அடிப்படையாக வேறொரு பிளகினைக் கேட்கிறது, அது கணினியில் இல்லை என்றால் ஆட்டம் தொடங்கும்போதே விழும். பழைய பதிப்புக்கு எழுதிய டி.எல்.எல். கோப்பு ஏறினாலும் அப்படியே. இந்த வகைக் கோளாறுகள் தொடக்கத்திலேயே வாசிக்கப்படும் கோப்புகளில் இருப்பதால் காரணமும் விளைவும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஆட்டம் தொடங்கி, உலகத்துக்குள் நுழைந்து, நடக்க ஆரம்பித்த பிறகு வரும் கிராஷுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பது ஸ்கைரிம் தன் உலகத்தை எப்படித் திறக்கிறது என்பதில் இருக்கிறது. முழு நிலமும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருப்பதில்லை. நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 58 மீட்டர். இயல்பான அமைப்பில் ஆடுகிறவரைச் சுற்றி ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் மட்டும் முழுமையாக ஏறியிருக்கும். அவர் நகர நகர ஒரு பக்கத்தில் புதிய வரிசை ஏறும், மறுபக்கத்தில் பழைய வரிசை இறங்கும். ரிஃப்டன் நகரத்துக் கடையில் ஒரு மோடு வைத்த கெட்டுப்போன மெஷ் (பொருளின் வடிவ) கோப்பு, அந்தக் கடைக்குள் யாராவது நுழையும்வரை படிக்கப்படுவதே இல்லை. மூன்று மாதம் முன்பு சேர்த்த அந்த மோடு, ஆடுகிறவர் முதல்முறை அந்தக் கடைக்குள் நுழையும் இரவில் ஆட்டத்தைச் சாய்க்கும். அன்று மாலை அவர் சேர்த்தது ஒரு மழைச் சத்த மோடு என்றால், பழி மழையின் மேல் விழும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

இன்னும் ஆழமான பிழை ஒன்று இந்த நம்பிக்கைக்குள் இருக்கிறது. கிராஷ் என்றால் ஒரே ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஸ்கைரிமில் மிகக் கொடிய கிராஷ்களில் பல, தனித்தனியே ஒழுங்காக ஓடும் இரண்டு மோடுகள் ஒரே இடத்தைத் தொடும்போது பிறப்பவை. நேவ்மெஷ் கிராஷ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நேவ்மெஷ் என்பது தரைமேல் விரித்த கண்ணுக்குத் தெரியாத முக்கோண வலை. ஊர்க்காரர்களும் உடன்வரும் துணையாட்களும் எங்கே கால் வைக்கலாம் என்பதை அதைப் பார்த்தே அறிகிறார்கள். ரிவர்வுட் கிராமத்தைப் பெரிதாக்கும் ஒரு மோடு, பழைய வலையை அழித்துவிட்டுத் தன் வலையை விரிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டத்தில் பாதையைத் திருத்தும் வேறொரு மோடு, அழிக்கப்பட்ட பழைய வலையின் விளிம்போடு தன் விளிம்பை இணைத்திருக்கிறது. இரண்டும் தனியாக ஓடும். சேர்ந்து இருக்கும்போது, அந்த விளிம்பைத் தாண்டி ஒருவர் நடக்க முயலும் நொடியில் எஞ்சின் இல்லாத ஒன்றைத் தேடிப்போய் விழுகிறது.

இந்த நிலையில் ஒருவர் ஒரு வாள் மோடைச் சேர்த்து, துணையாளோடு ரிவர்வுட் பாலத்தைத் தாண்டும்போது ஆட்டம் மூடுகிறது. வாளை நீக்கிவிட்டு மறுபடி வருகிறார். துணையாள் இம்முறை வேறு பக்கமாகச் சுற்றி வந்ததால் கிராஷ் வரவில்லை. வாள்தான் காரணம் என்று உறுதியாகிவிடுகிறது. நான்கு நாள் கழித்து மறுபடி விழும்போது அடுத்த மோடு போகிறது. இப்படியே பட்டியல் கரையும், பாலத்தடியில் கோளாறு அப்படியே இருக்கும்.

விவரம் தெரிந்தவர்கள், விழுந்த நொடியைப் பதியும் கிராஷ் லாக்கைப் பார்ப்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் அங்கும் அதே நம்பிக்கை வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது: லாக்கில் எந்த மோடின் பெயர் வருகிறதோ அதுதான் குற்றவாளி என்று. ரிவர்வுட் கிராஷின் லாக்கில் மேலே ஆக்சஸ் வயலேஷன் என்ற பிழை இருக்கும்; கீழே ஸ்டாக் பகுதியில் நேவ்மெஷ், பாதை தேடல் தொடர்பான பொருள்கள் வரும்; நடந்துகொண்டிருந்த கிராமத்தாளின் பெயர் வரும். அந்த ஆளின் பக்கத்தில் அவருடைய பதிவைக் கடைசியாகத் திருத்திய பிளகினின் பெயர் இருக்கும். அது முகத்தை அழகாக்கும் ஒரு மோடாக இருக்கலாம். அதற்கும் பாதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விழுந்த நேரத்தில் அந்த ஆள் அங்கே இருந்தார், அவ்வளவுதான். லாக் சொல்வது விழுந்த நொடியில் எஞ்சினின் கையில் என்னென்ன இருந்தன என்பதை. படிக்க வேண்டியது பெயரை அல்ல, எந்த வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை. பாதை தேடலா, டெக்ஸ்சர் ஏற்றமா, அனிமேஷனா என்று அதிலிருந்து தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மோடுகளில் எதிலுமே கோளாறு இல்லாத கிராஷ்களும் நிறைய. 2021 நவம்பர் 11 அன்று ஸ்டீமில் இறங்கிய ஆனிவர்சரி அப்டேட் இதற்கு மறக்க முடியாத சான்று. பெதஸ்டா புதிய கம்பைலரில் விளையாட்டை மறுபடி கட்டியதால், 1.5.97 பதிப்பின் முகவரிகளை நம்பி எழுதிய டி.எல்.எல். மோடுகள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்தன. ஒன்றையும் புதிதாகச் சேர்க்காதவர்களின் ஆட்டமும் நின்றது. 2023 டிசம்பர் 5 அப்டேட்டில் அதே கதை மறுபடி நடந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, ரேமுக்குத் துணையாக வட்டில் இருக்கும் விண்டோஸின் பேஜ்ஃபைலை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு, ரேம் காலியாக இருப்பதுபோல் தெரியும்போதே நினைவக ஒதுக்கீடு மறுக்கப்பட்டு ஆட்டம் விழும். வன்பொருளும் விலக்கல்ல. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் ஆட்டங்கள் நிலைகுலைவதை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தச் சிப்புள்ள கணினியில் எத்தனை மோடை நீக்கினாலும் என்ன பயன்?

தவறான சந்தேகம் வெறும் நேர விரயமாக முடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நடு ஆட்டத்தில் மோடை உருவி எடுப்பதுதான் ஆபத்து. ஸ்கைரிமின் சேவ் கோப்பில் ஆடுகிறவரின் இடமும் பையும் மட்டும் இல்லை. மோடுகளின் ஸ்கிரிப்டுகள் உருவாக்கிய நடமாடும் பிரதிகளும், அவற்றின் மதிப்புகளும், எந்த நேரத்தில் எழுந்து வேலை செய்ய வேண்டும் என்ற பதிவுகளும் அதற்குள் பதிந்திருக்கின்றன. மோடு போன பிறகும் அவற்றின் எச்சம் கோப்பில் தங்கும். ரீசேவர் போன்ற கருவியில் திறந்து பார்த்தால், எதோடும் ஒட்டாத பிரதிகளும் விளக்கம் இல்லாத ஸ்கிரிப்டுகளும் வரிசையாகத் தெரியும். கருவியால் துடைத்தாலும், பாதியில் அறுந்த தேடல் பணியையோ நிலை மாறிப்போன ஊரையோ அது மீட்டுத் தராது. டெக்ஸ்சரை மட்டும் மாற்றும் மோடை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்கிரிப்டு உள்ளதை எடுக்கக் கூடாது. கடைசி மோடைத் தூக்கு என்ற அறிவுரை இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. முதலில் ஒரு கிராஷ். நீக்கியதால் புதிதாய் இரண்டு கோளாறு. அதைச் சரிசெய்ய மேலும் நீக்கல். சேவ் கோப்பு இப்படித்தான் சாகிறது.

மோடு எழுதுகிறவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியையும் சொல்லியாக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்கள். தங்கள் மோடு தொட்டே பார்க்காத நேவ்மெஷுக்காக அவர்கள் திட்டு வாங்குகிறார்கள். லாக் இல்லை, பதிப்பு எண் இல்லை, எந்த இடத்தில் விழுந்தது என்ற விவரமும் இல்லை. இருப்பது நீங்கள்தான் என் ஆட்டத்தைக் கெடுத்தீர்கள் என்ற ஒரு வரி. அதற்கு எந்த எழுத்தாளராலும் பதில் சொல்ல முடியாது.

சரியான வழி கடினமானது அல்ல. எதையும் நீக்குவதற்கு முன்னால், கிராஷை வேண்டும்போது வரவழைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சேவ் கோப்பிலிருந்து, ஒரே இடத்துக்கு, ஒரே பாதையில் மூன்று முறை போனால் மூன்று முறையும் விழுகிறதா? விழுந்தால் காரணம் அந்த இடத்தோடு கட்டுண்டது. இடம் மாறி மாறி விழுந்தால் நினைவகம், டிரைவர், வன்பொருள், டி.எல்.எல். பதிப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு மூன்று லாக்குகளை அருகருகே வைத்து, எல்லாவற்றிலும் திரும்ப வரும் வேலை எது என்று தேட வேண்டும். ஒரு முறை மட்டும் வந்த பெயரை ஒதுக்கிவிடலாம்.

அதன்பின்னும் தெரியாவிட்டால் பாதியாகப் பிரித்துத் தேடுவதுதான் வழி. மோடுகளை நிர்வகிக்கும் மோடு ஆர்கனைசரில் தனி புரொஃபைல் ஒன்று திறந்து, உண்மையான சேவ் கோப்பைத் தொடாமல், மெனுவிலிருந்தே கன்சோல் கட்டளையால் ரிவர்வுட்டுக்குப் போய்ச் சோதிக்கலாம். துணையாளோடு நடந்தபோது வந்த கிராஷ் என்றால் சோதனையிலும் துணையாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 240 மோடுகள் இருந்தால் முதலில் 120ஐ அணைக்க வேண்டும். சார்ந்து நிற்கும் பிளகின்கள் ஒரே பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது முக்கியம். கிராஷ் நின்றால் காரணம் அணைத்த பாதியில். நிற்காவிட்டால் ஓடும் பாதியில். எட்டுச் சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் 240 சுற்று வரை போக நேரிடும். இரண்டு பாதியும் தனித்தனியே நன்றாக ஓடி, சேரும்போது மட்டும் விழுந்தால், தேட வேண்டியது ஒரு மோடை அல்ல, ஒரு ஜோடியை. ஒற்றைக் குற்றவாளி நம்பிக்கையால் ஒருபோதும் எட்ட முடியாத விடை இது.

ஜோடி கிடைத்ததும் எக்ஸ்எடிட் என்ற கருவியில் இரண்டையும் திறந்தால் முரண்படும் பதிவுகள் நிறத்தால் தனித்துத் தெரியும். ரிவர்வுட் வழக்கில் நேவ்மெஷ் பதிவின் மேல் அழிக்கப்பட்டது என்ற குறி இருக்கும். அந்தப் பதிவை மீட்டு, பழைய வலையை நிலத்துக்கு அடியில் -30,000 அலகுக்கு இறக்கி, புதிய வலையின் விளிம்புகளை அக்கம்பக்கக் கட்டங்களோடு மறுபடி இணைத்து ஒரு பேட்ச் எழுதினால் இரண்டு மோடுகளும் சேர்ந்து ஓடும். எழுதத் தெரியாதவர் இரண்டு ஆசிரியர்களுக்கும் லாக்கையும் பதிவு எண்ணையும் அனுப்பினால் போதும். அத்தனை விவரத்தோடு வரும் புகாரை வைத்து அவர்களே திருத்த முடியும்.