ஒரு ‘எஸ்’ஸுக்கு இவ்வளவு பயமா?



இங்கிலீஷ் பீரியடில் எழுந்து பேசச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்கிறோம். ஏன்? யாராவது ‘ஷீ கோ’ என்று சொல்லிவிட்டால் போதும், கடைசி பெஞ்ச் வரைக்கும் ஒரே சிரிப்பு. ‘ஷீ கோஸ்’ என்று சொல்லணுமாம். இந்த ஒரு ‘எஸ்’ஸுக்குப் பயந்து ஒருத்தி வருஷம் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருப்பது நியாயமா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழில் போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன என்று 10 வடிவம் இருக்கு. யாரும் பிரம்பை வைத்துக்கொண்டு இதைச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் ‘அக்கா போறான்’ என்று நாம் சொல்வதில்லை. சொன்னால் அது பால் வழு.

இங்கிலீஷில் இதற்கு இரண்டே வடிவம். ஐ, யூ, வீ, தே வந்தால் ‘கோ’. ஹீ, ஷீ, இட் வந்தால் ‘கோஸ்’. ஹெச்.எம். போனாலும் ‘கோஸ்’தான், பூனை போனாலும் ‘கோஸ்’தான்! ‘ஐ ஆம், ஹீ இஸ், தே ஆர்’ என்பதில் மட்டும் மூன்று. பத்து தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமா?

குழப்பம் வருகிற இடம் ஒன்றுதான். பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ வந்தால் பன்மை, வினைச்சொல்லில் ‘எஸ்’ வந்தால் ஒருமை. ‘பாய் ரன்ஸ்’, ‘பாய்ஸ் ரன்’. பெரும்பாலும் ‘எஸ்’ ஒரு பக்கம்தான் நிற்கும். இதை ஞாபகம் வைத்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

இந்த ‘எஸ்’ஸும் எப்போதும் இருந்ததில்லை. 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் ‘கோயெத்’ என்றுதான் இருக்கிறது. இங்கிலாந்திலேயே நார்ஃபோக் பக்கத்துப் பேச்சு வழக்கில் ‘ஷீ கோ’ என்பது உண்டு. மலையாளத்தில் நான், நீ, அவள் எல்லாருக்கும் ‘போகுன்னு’ ஒன்றுதான்.

அப்போ தப்பாகவே பேசலாமா என்று கேட்காதீர்கள். பரீட்சையில் மார்க் போகும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இன்டர்வியூ போனாலும் சரியாகப் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசிப் பேசித்தானே சரியாக வரும்? தண்ணீரில் இறங்காமல் யாராவது நீச்சல் கத்துக்கிட்டாங்களா?

ஆவடி, அம்பத்தூர் பக்கம் வட மாநிலத்து அண்ணன்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ‘நான் நாளைக்கு வரும்’ என்பார்கள். நமக்குப் புரிகிறது. ‘வருவேன்னு சொல்லுங்கண்ணா’ என்று சொல்லித் தருகிறோம். அந்த மரியாதையை நம்ம வகுப்புத் தோழிக்கும் கொடுக்கலாமே!

என் கருத்து இதுதான். ஒருவர் பேசும்போது நடுவில் யாரும் சிரிக்கக் கூடாது. பேசி முடித்த பிறகு தப்பைச் சொல்லித் தரலாம். தினமும் 5 நிமிஷம் இப்படிப் பேசிப் பழக ஆசிரியர்கள் நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தோழிகளே, நாளைக்கு முதல் ஆளாக யார் எழுந்திருக்கப் போறீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி