டென்னிஸ் கிரிப்: உங்கள் கை எந்தப் பட்டையில் இருக்கிறது?

"கிரிப்பை மாத்து, கிரிப்பை மாத்து..." டென்னிஸ் கோர்ட் ஓரம் நிற்கும் பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது இது. எதிலிருந்து எதுக்கு மாத்தணும்? அதைக் கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. காரணம், கிரிப் தூரத்தில் நின்று பார்த்துச் சொல்கிற விஷயமல்ல. தொட்டு எண்ண வேண்டிய விஷயம்.

எப்படி எண்ணுவது?

ராக்கெட்டின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. அடிமுனை உங்கள் பக்கம் இருக்க, நரம்பு வலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும்படி ராக்கெட்டை நீட்டிப் பிடியுங்கள். மேலே தெரியும் பட்டை 1. வலது கைக்காரர்கள் அங்கிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் எண்ண வேண்டும். இடது கைக்காரர்கள் எதிர்த்திசையில். ஆள்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் இருக்கும் முட்டி எந்தப் பட்டையில் உட்காருகிறதோ, அதுதான் உங்கள் கிரிப்.

ஃபோர்ஹேண்ட்

3-ம் பட்டை என்றால் ஈஸ்டர்ன். ராக்கெட்டோடு கைகுலுக்குவது போல இருக்கும். ஃபெடரரின் பிடி இதை ஒட்டியதுதான். 4 என்றால் செமி-வெஸ்டர்ன். இன்றைய ஆட்டக்காரர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். 5 என்றால் வெஸ்டர்ன். டாப்ஸ்பின் அள்ளும், தோள் உயரப் பந்துக்கு வசதி. ஆனால், தாழ்வாக வரும் பந்தை எடுக்கத் திணற வேண்டியிருக்கும்.

பேக்ஹேண்ட்

ஒற்றைக் கை என்றால் முட்டி 1-ம் பட்டைக்கு வர வேண்டும். பந்து வந்து சேரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் 3 அல்லது 4-லிருந்து 1-க்குத் தாவியாக வேண்டும். இரட்டைக் கையில் வலது கை 2-ல் (கான்டினென்டல்) இருக்கும். இடது கை அதற்கு மேலே, இடது கைக்காரரின் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் போலப் பிடிக்கும். இன்று இதுவே பெரும்பான்மை. ஏடிபி தரவரிசை தொடங்கியது 1973-ல். ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடும் ஒருவர்கூட முதல் பத்தில் இல்லாத நிலை முதன்முறையாக 2024 பிப்ரவரியில் வந்தது.

குழந்தை ஏன் 5-க்குப் போகிறது?

இப்போது பிள்ளையின் கையை எண்ணிப் பாருங்கள். 5-ல் இருந்தால் உடனே திட்ட வேண்டாம். வழக்கமான மஞ்சள் பந்து, சின்ன உடம்புக்குத் தோளுக்கு மேலே எகிறும். அதைச் சமாளிக்கத்தான் கை தானாகவே கைப்பிடிக்கு அடியில் நழுவுகிறது. 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இந்தப் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பதிலாக இருக்கும் சிவப்புப் பந்து சுமார் 75%, ஆரஞ்சு 50%, பச்சை 25% மெதுவானது. எகிறும் உயரமும் குறைவு.

பந்து இடுப்பு உயரத்துக்கு வந்தால், கையை 3-க்கோ 4-க்கோ கொண்டுவருவது சுலபம். எனவே, பெற்றோர்களே, பயிற்சியாளர்களே, கிரிப்பை மாத்தச் சொல்வதற்கு முன் பந்தை மாற்றிப் பாருங்கள்.